பெரியம்மாவை அழவிடாத கோடை

போன மாதம் நம் கூட்டாளி ஒருத்தியின் வீட்டுக்காரர் தவறிப்போனார். நம் பள்ளிக்கூடத்து வாட்ஸப் குழுவில் அன்றைக்குப் பூராவும் கும்பிடும் கைகளாக வந்து விழுந்தன. மறுநாள் யாரோ வழக்கம்போலக் காலை வணக்கம் போட்டார்கள். அத்தோடு அவளைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. “போனா என்ன பேசுறதுன்னே தெரியல, அதான் போகல” என்று உங்களில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகச் சொன்னீர்கள். இன்னொருத்தி, “நாம போயி அவளுக்கு ஞாபகப்படுத்திட்டா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கோடை திரும்பத் திரும்ப வருகிறது. அதை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நாம் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த சமயம். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் முடிந்து, பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றியதைப் பற்றி நீங்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டில் துட்டி. என் பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, அந்தப் பங்குனியில்தான் செத்துப்போனான்.

அம்மாவின் அக்காவை வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நிலபுலன் உள்ள குடும்பம்தான். ஆனால் எல்லாம் மானாவாரி. இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றிவிட்டது. பெரியப்பா தனக்குத் தெரிந்த ஒரு போர்மேனிடம் சொல்லி அண்ணனைப் பட்டாசு ஆபீசில் சேர்த்துவிட்டார். ஆபீசு என்றால் மேசை நாற்காலி இல்லை என்பது நமக்குத் தெரியும். தூரம் தூரமாகக் கட்டிய ஒற்றை அறைகள், நடுவில் வேப்பமரங்கள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. ஐந்து மாதம் வேலை பார்த்தான். ஒரு நாள் மத்தியான வெயிலில் அவன் இருந்த அறை வெடித்தது.

பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும் அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை. விசேஷம் முடிந்து பந்தலைப் பிரித்ததும் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் எனக்குப் பள்ளிக்கூடம் அடைத்தது. அம்மா என் பாவாடை சட்டைகளை ஒரு துணிப்பைக்குள் திணித்து, என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சிவகாசியில் பஸ் மாறி உட்கார்ந்தபிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

“லீவு முடியுற மட்டும் பெரியம்மாவுக்குத் தொணையா இருக்கணும். அவள அழ விடக்கூடாது, என்ன? மூஞ்சி மாறுச்சுன்னா ஒடனே எதயாச்சும் பேசித் திருப்பி விட்ரணும். அண்ணன் பேர மட்டும் எடுத்துறாத.”

“பெரியம்மாவே எடுத்தா?”

“நீ வேற பேச்சுக்குப் போயிரு.”

பதினோரு வயதில் என்னை நம்பிக் கொடுத்த வேலை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நாங்கள் போனபோது அந்த வீடு துடைத்து வைத்ததுபோல இருந்தது. அண்ணனின் சட்டை, கைலி, சீப்பு, அவன் சோறு கொண்டுபோகும் தூக்குவாளி, எதுவும் இல்லை. கண்ணில் பட்டால் மனசு கெட்டுப்போகும் என்று பெரியப்பா எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டார். சுவரில் ஒரு ஆணியும், அதற்குக் கீழே மற்ற இடத்தைவிட வெளுத்த ஒரு சதுரமும் மட்டும் இருந்தன. அங்கே மாட்டியிருந்தது பொருட்காட்சி ஸ்டூடியோவில் அட்டை விமானத்துக்குள் உட்கார்ந்து அண்ணன் எடுத்துக்கொண்ட போட்டோ. பெரியப்பா கழற்றி வைத்திருந்த அதை அம்மா அன்றைக்கே சேலைக்குள் மடித்து எடுத்துப் போனாள். பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுப் பரணில் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மூன்று வருடம் கழித்துப் பெரியம்மா கேட்டபோது எடுத்துப் பார்த்தால், கரையான் அரித்து விமானத்தின் வால் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த ஊரில் பகலில் பிள்ளைகளே கிடையாது. விடியும்போதே தீப்பெட்டி ஆபீசு பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். என் வயதுப் பெண்கள் பொழுது சாயத்தான் திரும்பி வருவார்கள், விரல் நுனியெல்லாம் பசை ஒட்டி, விளையாடத் தெம்பில்லாமல். தெருவில் நானும் கோழிகளும்தான். பெரியப்பா காலையில் புஞ்சைக்காட்டுக்குப் போனால் காய்ந்த பருத்திமார் பிடுங்குகிறேன் என்று இருட்டுகிற மட்டும் அங்கேயே கிடப்பார். வீட்டுக்குள் பெரியம்மாவும் நானும்.

நான் வேலையை ஒழுங்காகப் பார்த்தேன். பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டே இருப்பார். திடீரென்று சுளகு நின்றுவிடும். உடனே நான் ஒரு விடுகதை போடுவேன். அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டால் நம் கணக்கு டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாடம் நடத்துவதைச் செய்து காட்டுவேன். எதற்கும் அசையவில்லை என்றால் கடைசி ஆயுதம், “பெரியம்மா, பணியாரம் சுட்டுக் குடுங்க” என்பேன். அவர் எழுந்து போய்க் கருப்பட்டியைத் தட்டுவார். பணியாரம் வெந்ததும் நான் இரண்டு கையிலும் வைத்துத் தின்பேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டாவது வாரத்திலேயே எனக்குக் கருப்பட்டி வாசம் வந்தால் குமட்ட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் கேட்டேன். அவரும் சுட்டார்.

தண்ணிக்குப் போகும் பொம்பளைகள் வாசலில் குடத்தை மாற்றி வைக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். “புள்ள வந்த பெறகுதான் அவ மொகமே தெளிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தியும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

எனக்கும் வீட்டு ஞாபகம் வந்தது. அம்மா வேண்டும் என்று இருக்கும். அழுகை வரும். அழ விடாமல் பார்த்துக்கொள்ள வந்தவள் அழலாமா? மாட்டுக் கொட்டத்தில் போய்க் கன்றுக்குட்டியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அதன் மேலிருந்த புண்ணாக்கு வாசம் இப்போதும் எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் வந்தான். அண்ணன் வயசுதான் இருக்கும். இடது கையில் முழங்கை வரை துணிக்கட்டு. ஒரு பக்கக் காது கருகிச் சுருங்கியிருந்தது. அண்ணனோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்த சேக்காளி. வெடித்தபோது தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் தப்பித்தவன். அடுத்த ஊர்க்காரன். தெருமுனையிலேயே பெரியப்பா அவனை மறித்துவிட்டார்.

“ஆத்தாளப் பாத்துட்டுப் போயிருதேன்யா” என்றான் அவன்.

“இப்பத்தான் கொஞ்சம் தேறி வாரா. ஒன்னயப் பாத்தா திரும்பவும் முதல்லருந்து ஆரம்பிச்சிருவா. போயிருப்பா.”

அடுத்த ஞாயிறும் வந்தான். அப்போது பெரியப்பா காட்டில் இருந்தார். பெரியம்மா புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

“ஆத்தா இருக்காகளா பாப்பா?”

“இல்ல. ஊருக்குப் போயிருக்காக.”

துணி அடிக்கும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவன் புறவாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தான். “சரி பாப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். பெரியப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “கெட்டிக்காரி” என்று என் தலையைத் தட்டினார்.

பெரியம்மா தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், “செத்த நேரம் படுத்திரு தாயி, சுள்ளி பொறக்கிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுக் கருவேலங்காட்டுப் பக்கம் போவார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது கையில் நாலு குச்சி இருக்கும். புறவாசலில் அடுப்பெரிக்கப் பருத்திமார் கூரை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. எதற்குச் சுள்ளி என்று ஒரு நாள் எனக்குத் தோன்றிவிட்டது. பின்னாலேயே போனேன்.

காட்டு ஓரத்தில் ஒரு பழைய மண்கரை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். உடம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. சத்தம் கொஞ்சம்கூட வரவில்லை. ஆளே இல்லாத பொட்டல். அங்கேகூட அவர் சத்தத்தை வெளியே விடவில்லை.

என் வேலை கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடிப்போய், “பெரியம்மா, ஒரு விடுகதை” என்று ஆரம்பித்தேன். குரல் உடைந்துவிட்டது. அவர் பதறி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“ஏட்டி, வெயில்ல ஏன் வந்த? ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. பணியாரம் சுடவா?”

“எனக்குப் பணியாரம் வேண்டாம் பெரியம்மா. எனக்கு அது பிடிக்கவே இல்ல.”

அவர் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு, “எனக்குந்தான் சுட்டுச் சுட்டு அலுத்துப்போச்சு. நீ எம்புட்டு ஆசையாக் கேக்க, எப்படி இல்லேங்க?” என்றார்.

நான் அழுதேன். அம்மா என்ன சொல்லி அனுப்பினாள் என்பதையெல்லாம் கொட்டிவிட்டேன். சேக்காளி இரண்டு தடவை வந்ததையும், நான் பொய் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வந்தானா? என்னயக் கேட்டானா? என்னட்டி சொன்னான்?”

பிறகு யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னார். வெடித்த அன்று காலையில் அவர் அண்ணனைத் திட்டியிருக்கிறார். முந்தின ராத்திரி வெடிமருந்தில் கலக்கும் சில்வர் பவுடரோடு வந்து அப்படியே படுத்து, புதுத் தலகாணி பூராவும் மினுமினு என்று ஆக்கிவிட்டான் என்று. அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான். தூக்குவாளியையும் எடுக்கவில்லை. “வெறும் வயித்தோட போயிட்டான் தாயி. ஒரு தலகாணிக்குப் பேசிட்டேன்” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. “எத்தன வாட்டித்தான் வருவான் பாவம்” என்று பெரியம்மா உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் பெரியப்பா விதை வாங்கச் சாத்தூர் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் அடுத்த ஊருக்கு நடந்தேன். இரண்டு மைல் வண்டிப்பாதை. கரிசல் வெடித்துக் கிடந்தது. செருப்பு அறுந்து, ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஒரு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

“பொய் சொல்லிட்டேன்ணே. பெரியம்மா ஒங்களக் கூப்பிடுதாக” என்றேன்.

அவன் ஒன்றும் கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு, நல்ல கையால் என்னைச் சைக்கிளில் தூக்கி வைத்தான்.

வீட்டுக்குள் வந்து அவன் தரையில் உட்கார்ந்தான். பெரியம்மா எதிரில் உட்கார்ந்தார். பெரியம்மா அவன் கட்டுப்போட்ட கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் அவர்தான் கேட்டார்.

“அன்னைக்கு அவன் சாப்பிடலயேய்யா?”

“யாரு ஆத்தா சொன்னா? பத்தரை மணிக்கு என் வாளியத் தொறந்து பூராத்தையும் அவந்தான் தின்னான். கம்மஞ்சோறும் சுண்ட வச்ச கருவாட்டுக் கொளம்பும். ‘எங்கம்மாவுக்குக் கருவாடு வைக்கத் தெரியாதுலே, ஒங்கம்மாட்டப் படிக்கச் சொல்லணும்’னான்.”

பெரியம்மா சிரித்தார். எனக்காகச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வந்தது. அப்படியே அது அழுகையாகத் திரும்பியது. நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினார்.

“சும்மா இரு தாயி.”

சும்மா இருந்தேன். அந்தக் கோடையில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அவன் சொல்லிக்கொண்டே போனான். அண்ணன் வேலையில் பாடிய பாட்டு, மேஸ்திரிக்கு வைத்த பட்டப்பெயர், எல்லாம். பெரியம்மா சொன்னதையே திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு அவன் பெரியப்பாவைப் பற்றியும் சொன்னான்.

“ஐயா மேல அவனுக்கு வருத்தமே கெடையாது ஆத்தா. ‘வானம் பொய்ச்சா எங்கப்பா என்னலே செய்வாரு? ஆடியில மழை எறங்கட்டும், நான் வேலையிலருந்து நின்னுக்கிருவேன். அவரால ஒத்தையில உழ முடியாது’ன்னுதான் சொல்லிக்கிட்டே இருப்பான்.”

நாங்கள் மூன்று பேரும் அழுதுகொண்டிருந்தபோது பெரியப்பா விதை மூட்டையோடு வந்து நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மூட்டையைக் கீழே போட்டார்.

“ஒனக்கு எத்தன வாட்டி சொல்றது? போலே வெளிய!”

பிறகு என் பக்கம் திரும்பினார். “அழ விடாம பாத்துக்கிருவன்னு ஒன்னக் கொண்டாந்து விட்டா, நீயே ஆளக் கூட்டியாந்து அழ வைக்க. காலையில கெளம்பு, ஒன் வீட்ல விட்டுருதேன்.”

பெரியம்மா எழுந்து, “அவன் என்ன சொல்றான்னு கேளுங்க” என்றார். பெரியப்பா, “அந்தப் பேச்ச என்ட்ட எடுக்காத” என்று சொல்லிவிட்டுக் காட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா இல்லாத நேரம் பார்த்து சேக்காளி வந்துகொண்டுதான் இருந்தான். பெரியம்மா அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துப் பழகினார். அவன் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். எண்பது வயதுக்கு மேல் இருந்து, அண்ணனைப் பற்றி ஆள் கிடைத்தபோதெல்லாம் பேசி, அழுது, சிரித்துப் போய்ச் சேர்ந்தார். பெரியப்பா அப்படி இல்லை. வீட்டில் மகன் பேச்சு எழுந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த ஆடியில் மழை பெய்தது. ஒற்றை ஆளாக உழுதார். இரண்டாம் வருடம் காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். நமக்கு அப்போது எட்டாம் வகுப்பு.

நான் இதைச் சொல்ல உட்கார்ந்தது பெரியம்மாவுக்காக இல்லை. அவருக்குத்தான் என்னை அனுப்பினார்களே. பெரியப்பாவுக்கு யாரையும் அனுப்பவில்லை. அவருக்கு ஆள் வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவர் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து பஸ் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். என் துணிப்பை ஹேண்டில்பாரில் தொங்கியது. பாதி வழியில் ஒரு ஓடை குறுக்கிடும். தண்ணீர் இல்லை, வெறும் மணல். நான் இறங்கப் போனேன். “இரு, இரு” என்று சொல்லி அவர் மட்டும் இறங்கி, என்னோடு சேர்த்துச் சைக்கிளைத் தள்ளினார். மணலில் டயர் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பனியனில் வேர்வை ஒரு மேப்பு மாதிரிப் படிந்திருந்தது.

ஓடைக்கு நடுவில் சைக்கிள் நின்றது. அவர் திரும்பவில்லை.

“தாயி” என்றார். நேற்றுக் கத்திய குரல் இல்லை. “அந்தப் பய பேசிக்கிட்டிருந்தான்ல. அவன்… என்னயப் பத்தி எதும் சொன்னானாமா?”

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை விடாமல் இருந்தது. ஆனால் நேற்றுத்தான் வாங்கிக் கட்டியிருந்தேன். இது சோதனை என்று நினைத்தேன். நான் திருந்திவிட்டேனா, மறுபடியும் அண்ணன் பேச்சை எடுத்து இன்னொருத்தரை அழ வைக்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

“ஒண்ணும் சொல்லல பெரியப்பா” என்றேன்.

“சரி தாயி.”

ஹேண்டில்பாரில் தொங்கிய துணிப்பையைச் சரிசெய்தார். பிறகு தள்ளினார். பஸ் ரோட்டில் எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தப் பஸ்ஸில் விருதுநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் என்னை ஒப்படைத்தார். நான் சோதனையில் தேறிவிட்ட நிம்மதியோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியதும் எட்டிப் பார்த்தேன். திரும்பிப் போகும் பாதை ஓடை வரைக்கும் சரிவுதான், ஏறி உட்கார்ந்தால் மிதிக்கக்கூட வேண்டாம். பெரியப்பா ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.